ஓட்டு வருவதற்கு முன்பே: அமெரிக்க அரசாங்கத்தோடு பழகிக்கொள்ள ஒரு வழிகாட்டி

எங்கள் மகள் படித்த தொடக்கப் பள்ளிக்கு எதிரே ஒரு சாலை. காலை எட்டே காலுக்குப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அதைக் கடப்பதற்குள் உயிர் போய் உயிர் வரும். வெள்ளைக் கோடு கிடையாது, விளக்கு கிடையாது. "நாமோ எச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம், ஓட்டும் இல்லை, நம் பேச்சை யார் கேட்கப் போகிறார்கள்" என்று ஒரு வருடம் வீட்டுக்குள்ளேயே புலம்பிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டில் தனியாக இருந்த அமெரிக்கப் பாட்டிதான் ஒருநாள், "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டவுன்ஷிப் கூட்டம் இருக்கிறதே, வந்து சொல்ல வேண்டியதுதானே" என்றார்.

போனேன். சின்ன ஹால். முன்னால் மேயரும் கவுன்சிலர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு மைக், அதன் மேல் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்குகள். பொதுமக்கள் பேசும் நேரம் வந்ததும் பெயரையும் முகவரியையும் சொன்னேன், பச்சை எரிந்தது. மூன்று நிமிடம். குடியுரிமை உண்டா, ஓட்டு உண்டா என்று யாரும் கேட்கவில்லை. ஒன்பது மாதம் கழித்து அந்த இடத்தில் வெள்ளைக் கோடுகளும், பொத்தானை அழுத்தினால் மின்னும் மஞ்சள் விளக்கும் வந்தன. இடையில் நடந்ததைக் கீழே சொல்கிறேன்.

நம்மவர்களில் பலர் அதிபர் தேர்தலை உலகக் கோப்பை ஆட்டம் மாதிரி விடிய விடியப் பார்ப்பார்கள். ஆனால் தங்கள் ஊர் மேயர் பெயர் தெரியாது. எனக்கும் அப்படித்தான் நான்கு வருடம் போனது. புதிதாக வந்திருக்கும் நீங்கள் அந்த நான்கு வருடத்தை மிச்சப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: எந்த வேலை யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நான் பேசி முடித்ததும் மேயர் சொன்ன பதில்: "அந்தச் சாலை எங்களுடையது இல்லை, கவுன்ட்டியுடையது." (கவுன்ட்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி.) அந்தச் சாலை ஓரத்தில் நீல நிறத்தில் ஐந்து மூலைப் பலகை ஒன்று, மஞ்சள் எழுத்தில் எண்ணோடு நிற்கும். தினமும் பார்த்த பலகைதான். கவுன்ட்டி சாலைக்கு அதுதான் அடையாளம் என்று அன்றுதான் தெரிந்தது. ஊர் கவுன்சில் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டுக் கவுன்ட்டிக்கு அனுப்பியது. கவுன்ட்டி பொறியாளர்கள் வந்து வண்டிகளையும் நடப்பவர்களையும் எண்ணிக்கொண்டு போனார்கள். அப்புறம்தான் வேலை நடந்தது.

இங்கே எதற்குப் போனாலும் முதல் கேள்வி இதுதான்: இது யார் கையில் இருக்கிறது?

மத்திய அரசின் கையில் இருப்பவை விசா, கிரீன் கார்டு, குடியுரிமை, பாஸ்போர்ட், ராணுவம், வெளியுறவு, மத்திய வருமான வரி, சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதியத் திட்டம் போன்றவை. அரசியல் சாசனம் மத்திய அரசுக்குக் கொடுக்காத அதிகாரம் எல்லாம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்று 1791-இல் சேர்ந்த பத்தாவது திருத்தம் சொல்கிறது. அதனால்தான் ஓட்டுநர் உரிமம், திருமணச் சட்டம், பெரும்பாலான குற்றவியல் சட்டம், மாநிலப் பல்கலைக்கழகக் கட்டணம் எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. டெக்ஸாஸிலும் ஃபுளோரிடாவிலும் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. கலிஃபோர்னியாவிலும் நியூ ஜெர்சியிலும் உண்டு.

மாநிலத்துக்குக் கீழே கவுன்ட்டி. லூயிசியானாவில் அதைப் பாரிஷ் என்பார்கள். அதற்கும் கீழே சிட்டி, டவுன், டவுன்ஷிப், பரோ என்று ஊருக்கு ஊர் ஒரு பெயர். நியூ ஜெர்சி என்ற சின்ன மாநிலத்தில் மட்டும் 21 கவுன்ட்டிகள், 564 ஊராட்சி அமைப்புகள். குப்பை, குடிநீர், போலீஸ், தீயணைப்பு, வீட்டுக்குப் பின்னால் மரத் தளம் கட்ட அனுமதி எல்லாம் இந்த மட்டத்தில்தான்.

பள்ளிக்கூடம் தனிக் கதை. பெரும்பாலான இடங்களில் பள்ளி மாவட்டம் என்பது ஊர் நிர்வாகத்துக்கு வெளியே நிற்கும் தனி அமைப்பு. அதற்கு மக்கள் தேர்ந்தெடுக்கும் ஸ்கூல் போர்டு உண்டு, சொந்த பட்ஜெட் உண்டு. உங்கள் பிராப்பர்ட்டி டாக்ஸ் பில்லை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். கவுன்ட்டிக்கு எவ்வளவு, ஊருக்கு எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு என்று பிரித்திருக்கும். பல ஊர்களில் பள்ளியின் பங்குதான் பெரியது. டெக்ஸாஸில் புதுக் குடியிருப்பில் வீடு வாங்கியவர்கள் பில்லில் 'மட்' என்று ஒரு வரியைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீருக்கும் வடிகாலுக்கும் ஏற்பட்ட தனி மாவட்டம் அது, அதற்கும் தேர்தல் உண்டு. வாடகை வீட்டில் இருப்பவர்கள் இந்த வரியெல்லாம் நமக்கு இல்லை என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்காரர் அதை வாடகையில்தான் சேர்த்து வாங்குகிறார்.

இரண்டாவது படி: வாஷிங்டனை ஒரு விசாவை வைத்துப் புரிந்துகொள்ளுங்கள்

சட்டம் இயற்ற காங்கிரஸ், நடத்த அதிபர், விளக்கம் சொல்ல நீதிமன்றம். பாடப் புத்தகத்தில் இப்படிப் படித்தால் மனதில் நிற்காது. நமக்குத் தெரிந்த விசா விஷயத்தை எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 65,000 எச்-1பி, அமெரிக்காவில் மேல்படிப்பு முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000 என்ற எண்ணிக்கையைச் சட்டமாகப் போட்டது காங்கிரஸ். எச்-4 விசாவில் இருக்கும் துணைவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கொடுத்தது, 2015-இல் அதிபரின் கீழ் உள்ள துறை கொண்டுவந்த விதி. அந்த விதி செல்லுமா என்று வழக்குப் போட்டு வருடக்கணக்கில் இழுத்த இடம் நீதிமன்றம். மூன்று கைகளும் ஒரே வீட்டுக்குள் வந்து போவதைப் பார்த்தீர்களா? வேலைவழி கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பதும் சட்டம்தான். அதனால்தான் இந்தியாவில் பிறந்தவர்கள் இத்தனை வருடம் வரிசையில் நிற்கிறார்கள். அதிபர் நினைத்தால் நாளைக்கே அதை எடுத்துவிட முடியாது, காங்கிரஸ்தான் மாற்ற வேண்டும்.

காங்கிரஸில் இரண்டு அவைகள். பிரதிநிதிகள் சபையில் ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்கள் 435 பேர், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எல்லா இடங்களுக்கும் தேர்தல். செனட்டில் 100 பேர், மாநிலம் பெரிதானாலும் சிறிதானாலும் தலா இருவர், ஆறு வருடப் பதவி. அதிபருக்கு நான்கு வருடம், அதிகபட்சம் இரண்டு முறைதான் தேர்ந்தெடுக்கப்படலாம். உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள். அதிபர் பெயர் சொல்ல, செனட் ஒப்புக்கொள்ள வேண்டும். ஓய்வு வயது கிடையாது.

இந்தியாவிலிருந்து வருபவர்களுக்குக் குழப்பம் தரும் இடம் ஒன்று உண்டு. இங்கே அமைச்சர்கள் காங்கிரஸ் உறுப்பினர்களாக இருக்க முடியாது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து ஆட்சியைக் கவிழ்க்கவும் வழியில்லை. அதிபர் ஒரு கட்சி, காங்கிரஸ் இன்னொரு கட்சி என்று இருப்பது இங்கே சர்வசாதாரணம். அக்டோபர் முதல் தேதிக்குள் செலவுச் சட்டம் நிறைவேறாவிட்டால் அரசு அலுவலகங்கள் பல மூடிவிடும். 2025-இல் அப்படி 43 நாள் மூடியிருந்தது.

அதிபர் தேர்தலில் நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிப்பார் என்று நினைக்காதீர்கள். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் மாநிலவாரியாக மொத்தம் 538 பேர், ஜெயிக்க 270 வேண்டும். 48 மாநிலங்களில் முதலில் வருபவருக்கே அந்த மாநிலத்தின் அத்தனை இடமும். மெயினும் நெப்ராஸ்காவும் மட்டும் பிரித்துக் கொடுக்கும். 2000-இலும் 2016-இலும் அதிக ஓட்டு வாங்கியவர் தோற்றதன் காரணம் இதுதான்.

மூன்றாவது படி: கட்சிகள்

நீல நிறமும் கழுதையும் டெமாக்ரடிக் கட்சிக்கு. சிவப்பு நிறமும் யானையும் ரிபப்ளிகன் கட்சிக்கு. மருத்துவம், சுற்றுச்சூழல், தொழிலாளர் நலன் போன்றவற்றில் அரசுக்கு அதிகப் பங்கு வேண்டும் என்பது டெமாக்ரட் பக்கம். வரியும் கட்டுப்பாடும் குறைய வேண்டும், துப்பாக்கி உரிமையில் கை வைக்கக்கூடாது என்பது ரிபப்ளிகன் பக்கம். இது மேலோட்டமான கோடுதான். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் டெமாக்ரட் கட்சிக்காரராக வாஷிங்டன் மாநிலத்திலிருந்து காங்கிரஸுக்குப் போனவர். 2024 அதிபர் தேர்தலில் ரிபப்ளிகன் வேட்பாளராக நிற்க முயன்ற விவேக் ராமசாமி, பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. நம்மவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். தமிழ்ச் சங்கத்து விருந்தில் எல்லோரும் ஒரே பக்கம் என்று நினைத்துப் பேசாமல் இருப்பது நல்லது.

இங்கே கட்சி என்பதே வேறு மாதிரி. நம் ஊர் மாதிரி உறுப்பினர் அட்டை, சந்தா என்று கட்டாயம் எதுவும் கிடையாது. பல மாநிலங்களில் வாக்காளராகப் பதியும்போது எந்தக் கட்சி என்று ஒரு கட்டத்தை டிக் செய்தால் நீங்கள் கட்சிக்காரர். டெக்ஸாஸ் போன்ற மாநிலங்களில் அந்தக் கட்டமே கிடையாது.

கட்சித் தாவல் தடைச் சட்டமும் இல்லை. நம் ஊரில் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம். இங்கே 2017 ஜூலையில், ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைக் குறைக்கும் மசோதா செனட்டுக்கு வந்தபோது, ரிபப்ளிகன் செனட்டர் ஜான் மெக்கெய்ன் நள்ளிரவு தாண்டி அவைக்குள் வந்து கட்டைவிரலைக் கீழே காட்டினார். தன் கட்சியின் மசோதா, அவர் ஓட்டால் தோற்றது. அவர் பதவிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே உங்கள் தொகுதி உறுப்பினர் எந்தக் கட்சி என்பதோடு நிற்காமல், அவர் எதற்கு எப்படி ஓட்டுப் போட்டார் என்று பாருங்கள். காங்கிரஸ் இணையதளத்தில் எல்லாம் திறந்து கிடக்கிறது.

பிரைமரி என்ற சொல்லை மட்டும் மறக்காதீர்கள். நவம்பர் தேர்தலில் யார் நிற்பது என்று கட்சித் தலைமை முடிவு செய்வதில்லை, அதற்கு முன்பே நடக்கும் பிரைமரி தேர்தலில் வாக்காளர்கள் முடிவு செய்கிறார்கள். ஒரே கட்சி வலுவாக இருக்கும் தொகுதியில் உண்மையான தேர்தல் அதுதான், நவம்பர் வெறும் சடங்கு. நம்மவர்கள் அதிகம் தவறவிடுவதும் அதைத்தான். சில மாநிலங்களில் அந்தக் கட்சியில் பதிந்தவர்கள் மட்டுமே பிரைமரியில் ஓட்டுப் போடலாம் என்பதால், உங்கள் மாநில விதியைச் சில மாதம் முன்பே பார்த்துவிடுங்கள்.

நான்காவது படி: குடியுரிமை வரும் வரை தொடவே கூடாதவை

இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும்போது, "வாக்காளராகவும் பதிந்துவிடவா?" என்று கேட்பார்கள், அல்லது திரையில் கேள்வி வரும். 1993-ஆம் வருடச் சட்டப்படி உரிமம் கொடுக்கும் அலுவலகங்கள் கேட்கின்றன. கேட்கிறார்கள் என்பதற்காக உங்களுக்குத் தகுதி உண்டு என்று அர்த்தமில்லை. விசாவோ கிரீன் கார்டோ, எதில் இருந்தாலும் பதில் "வேண்டாம்". எனக்குத் தெரிந்த ஒருவர் வரிசையில் நின்ற அலுப்பில் எல்லாவற்றுக்கும் "சரி" அழுத்திவிட்டு வந்தார். வீட்டுக்கு வாக்காளர் அட்டை வந்தது. டிராயரில் போட்டுவிட்டார். ஓட்டுகூடப் போடவில்லை. பல வருடம் கழித்துக் குடியுரிமை விண்ணப்பத்தில், "எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா?" என்ற கேள்வியைப் பார்த்த பிறகுதான் அந்த அட்டை ஞாபகம் வந்தது. அதன் பிறகு வழக்கறிஞர், விளக்கக் கடிதம் என்று அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாக ஆகிவிட்டால் நாட்டைவிட்டே அனுப்பப்படலாம். உங்களுக்கு இப்படி நடந்திருந்தால், எதிலும் கையெழுத்திடும் முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஜூரி டியூட்டிக்கு, அதாவது நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்கார, வரச் சொல்லிக் கடிதம் வரலாம். உரிமப் பட்டியலிலிருந்தும் பெயர் எடுப்பார்கள் என்பதால் விசாக்காரர்களுக்கும் வரும். குப்பையில் போடாதீர்கள். குடிமகன் அல்ல என்ற கட்டத்தை டிக் செய்து திருப்பி அனுப்பினால் வேலை முடிந்தது.

தேர்தலுக்கு நன்கொடை: கிரீன் கார்டு இருந்தால் கொடுக்கலாம். எச்-1பி, எச்-4, எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் ஊர் கவுன்சில் வேட்பாளருக்குக்கூட ஒரு டாலர் கொடுக்கக்கூடாது, சட்டப்படி குற்றம். நண்பர் நிற்கிறார் என்று விருந்தில் காசோலை எழுதிவிடாதீர்கள். சம்பளம் வாங்காமல் துண்டறிக்கை கொடுப்பது, போன் செய்து கொடுப்பது போன்ற தொண்டு வேலைக்குத் தடையில்லை.

ஐந்தாவது படி: ஓட்டு இல்லாமலே செய்யக்கூடியவை

அரசிடம் குறை தீர்க்கச் சொல்லி மனுக் கொடுக்கும் உரிமை அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்திலேயே இருக்கிறது. அங்கே எழுதியிருப்பது "மக்கள்" என்ற சொல்.

ஊர்க் கூட்டத்துக்குப் போவதிலிருந்து தொடங்குங்கள். ஊரின் இணையதளத்தில் தேதியும் அஜெண்டாவும் சில நாள் முன்பே வந்துவிடும். முதல் தடவை சும்மா போய் உட்கார்ந்து பாருங்கள். பேசுவதென்றால் எழுதி எடுத்துப் போங்கள், மூன்று நிமிடம் என்பது ஏறக்குறைய ஒரு பக்கம்தான். ஒரே ஒரு விஷயம், இடம், நேரம், உங்களுக்கு வேண்டியது என்ன, இவ்வளவு போதும். நான் அன்று இரண்டு போட்டோக்களைப் பெரிதாக அச்சடித்து எடுத்துப் போயிருந்தேன். நான் பேசியதைவிட அந்தப் போட்டோக்கள்தான் வேலை செய்தன. அதே பள்ளியின் இன்னொரு பெற்றோரும் எழுந்து, "எனக்கும் இதே குறைதான்" என்று சொன்னதும் கவுன்சிலர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தனியாகப் போகாதீர்கள்.

ஸ்கூல் போர்டு கூட்டம் பிள்ளை உள்ளவர்களுக்கு இன்னும் முக்கியம். வாரக் கடைசியில் தமிழ்ப் பள்ளியில் படிப்பதற்கு, உயர்நிலைப் பள்ளியில் அயல்மொழிப் பாடத்துக்கான கணக்கில் வரவு வைக்கும் பள்ளி மாவட்டங்கள் இன்று உண்டு. அது தானாக வரவில்லை. பெற்றோர்கள் பாடத்திட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டு வாங்கியது. உங்கள் மாவட்டத்தில் இல்லையென்றால் நீங்கள் கேட்கலாம்.

அடுத்தது உங்கள் காங்கிரஸ் உறுப்பினரின் தொகுதி அலுவலகம். இது நம்மவர்கள் அதிகம் பயன்படுத்தாத கதவு. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் உங்கள் விண்ணப்பம் வழக்கமான காலத்தைத் தாண்டிக் கிடந்தால் அங்கே உதவி கேட்கலாம். அந்தத் தொகுதியில் குடியிருந்தால் போதும். உங்கள் தகவலைப் பார்க்கச் சம்மதம் தரும் படிவம் ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவர்களே துறைக்கு எழுதிக் கேட்பார்கள். முடிவை மாற்றச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை, ஆனால் எங்கோ அடியில் கிடக்கும் கோப்பு மேலே வர வாய்ப்புண்டு. கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுக் கொடுக்கிறோமே, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசை மட்டும் கிடையாது.

தகவல் வேண்டுமென்றால் கேட்டு வாங்கவும் வழி உண்டு. மத்திய அரசுக்கு 1966-ஆம் வருடத்துத் தகவல் சுதந்திரச் சட்டம், மாநிலம் ஒவ்வொன்றுக்கும் அதற்கென ஒரு சட்டம். நம் ஊர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பழகியவர்களுக்கு இது கைவந்த கலை.

ஆறாவது படி: குடியுரிமை, ஓட்டு

கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் ஆனதும், குடிமகனைத் திருமணம் செய்து அவரோடு வாழ்பவர் என்றால் மூன்று வருடத்தில், குடியுரிமைக்கான என்-400 படிவம் போடலாம். 90 நாள் முன்பே அனுப்ப முடியும். 2025 அக்டோபர் 20-இலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்குக் குடிமையியல் தேர்வு மாறியிருக்கிறது. 128 கேள்விகள் உள்ள பட்டியலிலிருந்து 20 வரை கேட்பார்கள், 12 சரியாகச் சொல்ல வேண்டும். மேலே எழுதியதில் பாதி அந்தப் பட்டியலில் இருக்கிறது. 50 வயது தாண்டி, கிரீன் கார்டோடு 20 வருடம் இருந்தவர்களும், 55 தாண்டி 15 வருடம் இருந்தவர்களும் ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்குப் பெற்று, மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தமிழிலேயே பதில் சொல்லலாம். அப்பா, அம்மாவுக்காக இதைக் குறித்து வையுங்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை என்பதால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டை அதன் பிறகு.

இந்த உரிமை நமக்கு எப்போதும் இருந்ததில்லை. 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்கள் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. 1946-இல்தான் சட்டம் மாறியது. அதற்காகப் பாடுபட்டவர்களில் ஒருவரான தலிப் சிங் சௌந்த், கலிஃபோர்னியா விவசாயி, 1949-இல் குடிமகனானார். அடுத்த வருடமே உள்ளூர் நீதிபதி தேர்தலில் ஜெயித்தார். குடிமகனாகி ஒரு வருடம் ஆகவில்லை என்று பதவி தர மறுத்தார்கள். 1952-இல் மறுபடி நின்று மறுபடி ஜெயித்தார். 1956-இல் காங்கிரஸுக்கே தேர்வானார். ஆசிய வம்சாவளியில் ஓட்டுரிமை உள்ள உறுப்பினராக அங்கே போன முதல் ஆள் அவர். உள்ளூர் பதவியில் தொடங்கிய பயணம் அது.

குடிமகனானதும் உடனே வாக்காளராகப் பதியுங்கள். பல மாநிலங்களில் தேர்தலுக்கு 30 நாள் முன்புவரைதான் அவகாசம். நவம்பர் மாதத்து முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய்தான் தேர்தல் நாள். நாடு முழுக்க விடுமுறை கிடையாது. முன்கூட்டியோ தபாலிலோ ஓட்டுப் போட உங்கள் மாநிலத்தில் வசதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாக்குச்சீட்டு நம் ஊர் மாதிரி ஒரு சின்னம், ஒரு பொத்தான் என்று இருக்காது. அதிபரில் தொடங்கி செனட்டர், ஷெரிஃப் என்ற கவுன்ட்டி போலீஸ் தலைவர், ஸ்கூல் போர்டு, பள்ளிக் கட்டடத்துக்குக் கடன் வாங்கலாமா என்ற கேள்வி வரை நீளும். மாதிரிச் சீட்டு முன்பே கிடைக்கும். சமையலறை மேசையில் வைத்து ஒரு மணி நேரம் எல்லோருமாக உட்கார்ந்து பாருங்கள். தெரியாத இடத்தைக் காலியாக விட்டாலும் மற்ற ஓட்டுகள் செல்லும்.

ஆங்கிலம் படிக்கத் தெரியாத வாக்காளர் தனக்கு வேண்டியவரை உதவிக்கு அழைத்துப் போகலாம், முதலாளியும் தொழிற்சங்கக்காரரும் மட்டும் கூடாது என்கிறது மத்தியச் சட்டம். எங்கள் தெருவில் ஒரு நண்பரின் அம்மா இருபது வருடத்துக்கு மேல் இங்கே இருந்து, தேர்வில் மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்ட கேள்விகளுக்குத் தமிழிலேயே பதில் சொல்லிக் குடிமகளானவர். மகன் ஊரில் இல்லாததால் முதல் ஓட்டுக்கு என்னை அழைத்துப் போனார். வாசலில் இருந்த அலுவலர், உதவி செய்பவர் கையெழுத்திட வேண்டிய ஒரு தாளை என் முன் நீட்டினார். அவர் சொன்னபடியேதான் குறிப்பேன், யாருக்குப் போட்டார் என்று வெளியே சொல்லமாட்டேன் என்ற உறுதிமொழி அது. கையெழுத்துப் போட்டேன். அதிபர் பெயர்களை வாசித்ததும் அரை நொடியில் முடிவு சொன்னார். ஸ்கூல் போர்டுக்கு வந்தபோது, "நில்லு, அந்த ஆறு பேரையும் மறுபடி மெதுவாப் படி" என்றார். பேத்தி அந்தப் பள்ளியில்தான் ஏழாவது படிக்கிறாள்.